வாசல் பார்த்து ஹால் பிடிப்பவர்

ஹால் பார்க்கப் போனால் அவர் நேராக உள்ளே போவதில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடை ஏதாவது இருந்தால் ஒரு டீ சொல்லிவிட்டு நின்றுகொள்வார். வாட்ச்மேன் யாரை நிறுத்தி விசாரிக்கிறார், யாரைப் பார்த்ததும் கதவைத் திறக்கிறார், பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துவரும் தெருவில் விளக்கு எரிகிறதா, ஆட்டோ நின்று ஆள் இறக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். மேடையின் அகலம், ஏசி, கிரீன் ரூம் எல்லாம் அப்புறம்தான். நாடகம், புத்தக வெளியீடு, கச்சேரி, கண்காட்சி என்று மற்றவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குச் சென்னையில் இடம் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். 1990களின் கடைசியில் ஒரு நாடகக் குழுவுக்குச் சுவரொட்டி ஒட்டப் போய், அப்படியே இதில் இறங்கியவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஹால் மேனேஜர்களோடு நாளைக்கும் பேசியாக வேண்டும்.

"எந்த ஹால்னு சொன்ன உடனேயே யார் வருவாங்க, யார் வர மாட்டாங்கன்னு பாதி முடிவாயிடுது. பத்திரிகையில 'அனைவரும் வருக'ன்னு அடிச்சு என்ன பிரயோஜனம்?" என்பது அவருடைய கட்சி.

எழும்பூர் மியூசியம் தியேட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டிக்கொடுத்து, 1896-இல் முடிந்த அரங்கம். இருக்கைகள் அரைவட்டமாகப் படிப்படியாக இறங்குவதால் கடைசி வரிசைக்காரருக்கும் நடிகரின் முகம் தெரியும். நாடகக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் அங்கே ஆங்கில நாடகம் போட்டால் நுங்கம்பாக்கத்திலிருந்தும் அடையாறிலிருந்தும் கார்கள் வரும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தால் அதிசயம். உதிரிபாகக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் அந்த மதில் ஓரமாகத்தான் தினமும் போய்வருகிறார்கள். உள்ளே தியேட்டர் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அது நமக்கில்லை என்ற எண்ணம். நுழைவு இலவசம் என்று போர்டு வைத்துப் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை என்கிறார் அவர். தடுத்தது டிக்கெட் விலையாக இருந்திருந்தால் அல்லவா இலவசம் வேலை செய்யும்!

இந்த ஊரில் மேடை யாருக்கு என்ற சண்டைக்கு வயது அதிகம். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் சுருங்கிப் போயிற்று என்ற மனத்தாங்கலில்தான் 1943-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், எஸ்பிளனேடில் நிற்கும் ராஜா அண்ணாமலை மன்றம் அந்தச் சங்கத்தின் அரங்கம். மயிலாப்பூருக்குள் இடம் தேடாமல் பாரிமுனைப் பக்கம் போய்க் கட்டியது நம் அமைப்பாளருக்குப் பிடித்த விஷயம். பஸ்ஸும் மின்சார ரயிலும் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூடும் இடம் அது. திருவொற்றியூர்க்காரரும் தாம்பரத்துக்காரரும் நேராக வந்து இறங்கலாம். கூட்டம் எங்கிருந்து வரும் என்று தெரியாத நிகழ்ச்சிக்கு அவர் இன்றும் முதலில் விசாரிப்பது அந்த வட்டாரத்தில்தான்.

இட நிர்ணயம் கச்சிதமாக அமைந்ததற்கு அவர் அடிக்கடி சொல்லும் உதாரணம், அவர் கை வைக்காத ஒரு நிகழ்ச்சி. 2018 ஜனவரி 6 அன்று, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த பாட்டு. சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் வரிகள். இடம், கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். வியாசர்பாடியில் வைத்திருந்தால் அந்த ஏரியா நிகழ்ச்சி என்று தென்சென்னை ஒதுங்கியிருக்கும். ஆழ்வார்பேட்டையில் வைத்திருந்தால் பாடுகிறவர்களின் அக்கம்பக்கத்து ஆட்களே விருந்தாளிகளாக நிற்க வேண்டியிருக்கும். கீழ்ப்பாக்கத்துக்குப் புரசைவாக்கம், அயனாவரம், ஓட்டேரிப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம்; மற்றவர்களுக்கும் அது தெரியாத ஊர் அல்ல. தவிர, மைதானத்துக்கு உடை ஒழுங்கு கிடையாது. நிற்கலாம், ஆடலாம், பாதியில் எழுந்து போய்ப் பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் கொடுக்கலாம். நாற்காலியில் கட்டிப்போட்டால் கானா செத்துப்போகும் என்று அவர் சொல்வது மிகையாகத் தோன்றவில்லை.

2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவக் குப்பம் அது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, எழுத்தாளரும் சூழல் ஆர்வலருமான நித்யானந்த் ஜெயராமன் ஆகியோர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்திய விழாவில் கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் ஒரே மேடையில் வந்தன. குப்பத்துக்கு யாரும் சாஸ்திரிய சங்கீதம் கேட்கவில்லையே, இது எதற்கு என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நமது அமைப்பாளர் கவனித்தது பார்வையாளர்களை. கடற்கரைக்குப் பல காலமாக நடைப்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் அன்றுதான் குப்பத்துக்குள் காலெடுத்து வைத்தார்கள். வலை காயும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். இடம் மாறினால் ரசிகருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தைத்தான் சபா வாசலில் மற்றவர்கள் எப்போதும் சுமக்கிறார்கள்.

குப்பத்தில் இடம் கேட்பதற்கு முறை உண்டு. அங்கே மேனேஜர் கிடையாது, ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் போதாது. ஊர் கூடும் நாளில் போய் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். காலையில் போனால் ஆண்கள் கடலில் இருப்பார்கள், பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள். மேடை போடும் இடத்தில் படகு ஏற்றுவார்களா, அன்றைக்குக் கோயில் காரியம் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. நடைபயணமாக வரும் கூட்டத்தில் அந்தப் பக்கம் வண்டி நகராது. அந்த நாட்களில் அங்கே மைக் செட் இறக்கலாம் என்று எந்த ஒலிபெருக்கிக்காரரும் வாக்குக் கொடுக்க மாட்டார். சபாவில் அவரை 'மேடம்' என்பார்கள், குப்பத்தில் 'அக்கா'. அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டால் வாடகைப் பேச்சு எளிதாகும், ஆனால் வேறு கடமைகள் கூடும் என்று சிரிக்கிறார். அடுத்த மாதம் ஊரில் நடக்கும் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது.

சவுகார்பேட்டையில் கதை வேறு. குஜராத்திகளும் மார்வாடிகளும் பல தலைமுறைகளாக வாழும் அந்தத் தெருக்களில் இடப் பிரச்சினையைவிட நேரப் பிரச்சினை பெரிது. ஜைனக் குடும்பங்களில் பலர் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை. சென்னையில் நவம்பரில் 5.40-க்கே பொழுது சாய்ந்துவிடும், ஜூலையில் 6.40 வரை வெளிச்சம் நிற்கும். ஆறரைக்கு நிகழ்ச்சி, எட்டரைக்கு விருந்து என்று மற்ற இடங்களில் போடும் கால அட்டவணை இங்கே செல்லாது. ஒன்று, விருந்தை முன்னால் வைத்து நிகழ்ச்சியைப் பின்னால் தள்ள வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற வேண்டும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் எதுவும் பலருக்கு ஆகாது என்பதால் சமையல்காரரை வெளியிலிருந்து கூட்டிவருவதை அவர் விட்டுவிட்டார். அந்தத் தெருக்காரர்களே பரிந்துரைக்கும் 'மகராஜ்' வந்து சமைத்துவிட்டுப் போகிறார். மழைக்காலத்து நான்கு மாதம் துறவிகள் ஓரிடத்தில் தங்கி உபதேசம் செய்யும் காலம். அப்போது சமூகக் கூடங்களில் வேறு நிகழ்ச்சிக்குத் தேதி கிடைப்பது கஷ்டம்.

சவுகார்பேட்டையின் மின்ட் தெருவைப் பகலில் பார்த்தவர்களுக்கு மற்றொரு சிக்கலைச் சொல்ல வேண்டியதில்லை. லாரி உள்ளே போகாது. விளக்கும் ஸ்பீக்கரும் விடியற்காலையில், கடைகள் திறக்கும் முன், மீன்பாடி வண்டியில் வந்து இறங்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் கடை அடைக்கும்வரை சாமான்களோடு காத்திருக்க வேண்டும். அந்தக் கூலி வாடகையில் சேராது என்பதை முதல்முறை வரும் குழுக்கள் பில்லைப் பார்த்த பிறகுதான் உணர்கின்றன.

சாப்பாடுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய வேலி என்று அவர் நினைக்கிறார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். மீனவர் வாழ்க்கையைப் பற்றிய ஒரு புத்தகத்தின் வெளியீட்டுக்குத் தென்சென்னையில் ஒரு ஹாலைப் பேசியிருந்தார். காசிமேட்டிலிருந்து வரும் பெண்கள் தாங்களே மீன் குழம்பு வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். வளாகத்துக்குள் சைவம் மட்டும் என்று ஹால்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பார்சலாகக்கூட வரக் கூடாதாம். விதி எழுதி வைத்த விதிதான், புதிதாகப் போட்டதல்ல. ஆனால் யாருடைய கதையை மேடையில் புகழப்போகிறோமோ அவர்களுடைய சட்டியை வாசலில் இறக்கி வைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அட்வான்ஸில் ஒரு பகுதி போனாலும் போகட்டும் என்று நிகழ்ச்சியை ராயபுரம் பக்கம் மாநகராட்சியின் சமுதாய நலக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார். ஏசி இல்லை, எதிரொலி அதிகம். எழுத்தாளர் பேசிய பாதி யாருக்கும் கேட்கவில்லை. குழம்பு மட்டும் கடைசிச் சொட்டுவரை காலி.

அதன்பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அசைவம் அனுமதியா என்ற வரியைத் தேடிப் படிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கூடவே மீட்டர் ரீடிங்கை யார் குறிப்பது, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, 18 சதவீத ஜி.எஸ்.டி. வாடகைக்குள் அடக்கமா வெளியிலா, துப்புரவுக்குத் தனியாக எடுப்பார்களா என்ற கேள்விகளும் உண்டு. இவை எந்த வட்டாரத்துக்கும் பொது.

திருவல்லிக்கேணியில் இடம் பிடிக்க இரண்டு பஞ்சாங்கம் வேண்டும். பார்த்தசாரதி கோயிலின் வைகுண்ட ஏகாதசி ஒரு பக்கம், 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலின் ரமலான் இன்னொரு பக்கம். பிறையைப் பொறுத்து ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னால் நகர்ந்துவருவதால் போன வருடத்துத் தேதியை வைத்து எதுவும் திட்டமிட முடியாது. நோன்புக் காலத்தில் மாலை நோன்பு திறப்பதற்கும் இரவுத் தொழுகைக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. தொழுகை முடிந்து தெரு உயிர்த்தெழும்போது பத்து மணியாகிவிடும். அதற்குமேல் ஒலிபெருக்கிக்குச் சட்டம் இடம் கொடாது. ஆகையால் அந்த மாதத்தில் அங்கே மேடை நிகழ்ச்சி வேண்டாம் என்பது அவருடைய ஆலோசனை. புகைப்படக் கண்காட்சி வைக்கலாம், யாரும் எப்போதும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை மதியத்தையும் விட்டுவிட வேண்டும். அதே பள்ளிவாசலில், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த குடும்பங்களின் வழிவந்த இந்துத் தொண்டர்கள், மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சார்பில் பல ஆண்டுகளாக நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறி வருகிறார்கள். மத நல்லிணக்கத்தைப் பற்றி ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கருத்தரங்கு நடத்த இடம் கேட்டு வருகிறவர்களிடம் அவர் இதை நினைவூட்டுவதுண்டு. பெரும்பாலும் ஹோட்டலையே பிடிக்கிறார்கள்.

தேதிக் கணக்கில் வாடகையும் அடங்கியிருக்கிறது. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் கேட்டால் யாரும் பதில்கூடச் சொல்ல மாட்டார்கள். அஷ்டமி, நவமியில் கேட்டால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலி. மார்கழியில் சபாக்கள் நிரம்பி வழிவதால் நாடகக்காரர்கள் மண்டபத்துக்குப் போகலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். மண்டப மேடையில் திரை கட்ட இடம் இருக்காது, விளக்குத் தொங்கவிடக் கம்பி இருக்காது. ஆடியில் வேறு தொல்லை. மண்டபம் மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் புளியந்தோப்பிலோ கொண்டித்தோப்பிலோ நிகழ்ச்சி வைத்துவிட்டால், தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் உள்ளே வந்துவிடும். அம்மனோடு யார் வழக்காட முடியும்? கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர்த்து, முடிந்தால் அந்த விழாக்குழுவையும் நேரில் அழைத்துவிடுவது அவர் கண்ட வழி.

சர்ச் ஹால்களுக்கு லெந்து நாட்கள் உண்டு. ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளில் பாட்டும் கூத்துமான நிகழ்ச்சிகளுக்குப் பல சபைகள் இடம் தருவதில்லை. கருத்தரங்கு என்றால் தரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பொங்கலை ஒட்டிய ஜனவரிதான் திறந்தவெளிக்குத் தோதான காலம். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் அந்த நாட்களைப் பிடித்துக்கொண்டு பூங்காவிலும் கடற்கரையிலும் ஒயிலாட்டமும் தப்பாட்டமும் ஆடவைத்தது. நடுவில் நின்றுபோய், 2023 பொங்கலுக்கு 'நம்ம ஊரு திருவிழா'வாகத் திரும்பியது. பூங்காவுக்கு டிக்கெட் இல்லை, வாட்ச்மேன் கேள்வி கேட்பதில்லை, செருப்போடு வரலாம். இத்தனை வசதியும் சேர்ந்த உள்ளரங்கு ஒன்று இந்த ஊரில் கிடைத்தால் தனக்கு வேலை இருக்காது என்கிறார்.

ஆனால் திறந்தவெளி என்றால் போலீஸ் அனுமதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் வரம்பு; மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ராயப்பேட்டை, புரசைவாக்கம் போன்ற நெருக்கமான இடங்களில் வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தால் எந்த மைதானமும் ஏதாவதொரு வட்டத்துக்குள் மாட்டும். முன்பெல்லாம் நாடகத்துக்கு இன்னொரு படியும் இருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் கதைவசனத்தைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். சுவரொட்டி ஒட்டிய காலத்தில் அந்தக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவரும் அலைந்திருக்கிறார். பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது.

ஞாநி இடப் பிரச்சினைக்கும் ஒரு வழி காட்டிவிட்டுப் போனவர். கே.கே. நகரில் தன் வீட்டுக் கிணற்றடியில் 'கேணி' என்ற கூட்டத்தை நடத்தினார். ஹால் இல்லை, வாடகை இல்லை, பொன்னாடை இல்லை. எழுத்தாளர் வருவார், பேசுவார், கேள்வி கேட்கலாம். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவரும் மைக் இல்லாத கச்சேரிகளும் அந்த வகை. மைக் இல்லையென்றால் ஒலிபெருக்கி அனுமதியும் வேண்டியதில்லை, பாடகருக்கு அருகில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சிறு குழுக்கள் பணம் இல்லை என்று வந்தால் அவர் இவற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். கமிஷன் கிடைக்காத ஆலோசனை.

வேற்றுமொழிச் சங்கங்களின் கட்டிடங்களை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு குறை. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில், தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்ட வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. தி. நகரில் வங்காளிகளின் சங்கம் உண்டு. குருத்வாராவும் கர்நாடக சங்கப் பள்ளியும் அதே தி. நகரில்தான். மொழிபெயர்ப்பு நூல் ஒன்று வெளிவந்தால் அந்த மொழிக்காரர்களின் கூடத்தில் வெளியிடலாமே என்று அவர் பதிப்பாளர்களிடம் கேட்பார். வந்த கூட்டத்தில் பாதி மூல மொழியில் படித்தவர்களாக இருந்தால் கேள்விகளே வேறு மாதிரி வரும். பதிப்பாளர்கள் வழக்கமான நான்கைந்து இடங்களை விட்டு நகர்வதில்லை. பழகிய இடத்துக்குப் பழகிய முகங்கள் வந்துவிடும் என்ற தைரியம்தான் காரணம்.

வீடு திரும்புவது பற்றி யாரும் யோசிப்பதில்லை. நகர ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கின்றன. சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்த ஒரு பறை வாத்தியக்காரர் இப்போது அங்கிருந்துதான் வர வேண்டும். நிகழ்ச்சி ஒன்பதரைக்கு முடிந்தால் வாத்தியத்தோடு பஸ்ஸுக்கு எங்கே போய் நிற்பார்? 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்றான பிறகு, பெண்கள் தனியாகக் கிளம்பி நிகழ்ச்சிக்கு வருவது கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருக்கிறது என்கிறார்; அந்த பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் எட்டே காலுக்கே எழுந்துவிடுவதையும் சொல்கிறார். அதனால் ஆறு மணி நிகழ்ச்சியை ஆறுக்கே தொடங்க வேண்டும் என்று கறாராக நிற்கிறார். தலைமை தாங்குகிறவர்கள் ஏழுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர்வரை நீண்டதிலிருந்து அவருடைய பார்வை வடக்கே திரும்பியிருக்கிறது. தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி மண்டபங்களையும் பள்ளி மைதானங்களையும் பார்த்து வைத்திருக்கிறார். வாடகை தெற்கைவிடக் குறைவு, அசைவத்துக்குப் பெரும்பாலும் தடையில்லை, கடைசி ரயில் இரவு 11 மணிவாக்கில். "அவ்வளவு தூரமா?" என்பதுதான் தெற்கிலிருந்து வரும் முதல் கேள்வி. அடுத்த நாடகத்துக்குத் தண்டையார்பேட்டையில் இடம் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பார்க்கிங் எப்படி என்று ஸ்பான்சர் தரப்பில் கேட்டிருக்கிறார்கள். ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து மேடைவரை நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று நடந்து பார்த்து, அதை அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.